வளைவு மட்டும் மிச்சம்

1993இல் இளையராஜா தன் சிம்பொனியை லண்டன் ராயல் பில்ஹார்மோனிக் குழுவை வைத்துப் பதிவு செய்தார். அது ஆல்பமாக வெளிவரவே இல்லை. 2005இல் திருவாசகத்துக்குப் புடாபெஸ்ட் குழு. 2025 மார்ச் 8 அன்று ‘வேலியன்ட்’ அரங்கேறியது மறுபடியும் லண்டனில். பெருமைப்பட்டோம், சரி. இங்கே ஏன் அப்படியொரு குழு இல்லைன்னு கேட்க மறந்துட்டோம்.

“வாசிக்க ஆள் இல்லை” என்பார்கள். சும்மா சொல்லாதீங்க. சென்னை ஸ்டூடியோக்களில் நோட்ஸைப் பார்த்ததும் வாசிக்கிற வயலின்காரர்கள் இருக்கிறார்கள். ஆனால் பிழைப்பு கால்ஷீட் கணக்கில். பதிவுக்குக் கூடுவார்கள், முடிந்ததும் கலைவார்கள். ஒரே ஆட்கள் வருஷக்கணக்கில் சேர்ந்து வாசித்தால்தான் ஆர்கெஸ்ட்ரா உருவாகும். அதற்கு மாசச் சம்பளம் வேண்டும்.

சேலத்துக்காரனுக்கு இது புதுசில்லை. டி.ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸில் கலைஞர்கள் மாசச் சம்பளத்துக்கு இருந்தார்கள். இன்று ஏற்காடு சாலையில் அதன் நுழைவு வளைவு மட்டும் நிற்கிறது. நாம் அங்கே செல்ஃபி எடுக்கிறோம்.

ஊருலகத்துக்கெல்லாம் அவுட்சோர்சிங் வேலை பார்த்துச் சம்பாதிக்கிற என்னைப் போன்றவர்கள்தான், நம் இசையை வெளியூரில் செய்துவாங்குவதைச் சாதனை என்கிறோம். அடுத்த சிம்பொனிக்குக் கைதட்டும் முன் ஒன்று கேளுங்கள்: இங்கே நாற்பது வயலின்காரர்களுக்கு மாசாமாசம் யார் சம்பளம் தரப்போறாங்க?