விலைக்கு வரும் வீரச் சான்றிதழ்கள்



2025ம் ஆண்டு நவம்பரில், ஜெர்மனியின் நோய்ஸ் நகரில் ஓர் ஏலத்திற்கு ஏற்பாடாகியிருந்தது. நாத்சி வதைமுகாம் கைதிகள் எழுதிய கடிதங்களும் அதில் விலைக்கு வரவிருந்தன. தப்பிப் பிழைத்தோரின் அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவிக்கவே, ஏலம் கைவிடப்பட்டது. ஆனால் அதே போரின் வேறு தாள்கள் பல ஆண்டுகளாகப் பெரிய சலசலப்பின்றிக் கைமாறி வருகின்றன. ஜெர்மன் படைவீரர்களுக்கு வழங்கப்பட்ட விருதுச் சான்றிதழ்களும், தளபதிகள் கையொப்பமிட்ட நிழற்படங்களுமே அவை.

இவற்றைச் சேகரிப்போர் எல்லாரும் நாத்சி அபிமானிகள் என்று நாம் சொல்லவில்லை. ஒரு வீரர் எந்தப் படைப்பிரிவில், எந்த நாளில் இருந்தார் என்று பொறுமையாகத் தேடுவோரும் அவர்களில் உண்டு. ஆயினும் சந்தைக்கு ஒரு கணக்கு இருக்கிறது. இரும்புச் சிலுவை விருது 1813ல் பிரஷ்ய மன்னரால் ஏற்படுத்தப்பட்டது. போலந்தின்மீது படையெடுத்த 1939 செப்டம்பர் 1 அன்றே ஹிட்லர் அதைப் புதுப்பித்து, நடுவில் சுவஸ்திகாவைப் பொறித்தார். சிலுவையின் நெஞ்சில் அந்தச் சின்னம்! அதன் இரண்டாம் வகுப்பை ஏறத்தாழ 30 இலட்சம் பேர் பெற்றதால் அந்தத் தாள் மலிவு. ‘நைட்ஸ் கிராஸ்’ பெற்றவர்கள் 7,000க்குச் சற்று அதிகம். ஆகவே விலையும் அதிகம். ஐந்து முறை காயமுற்றவருக்குத் தங்கநிறக் காயப் பதக்கம் கொடுத்தார்கள். அதன் சான்றிதழுக்கும், காயப்பட்டவர் பெயரைவிட ஒப்பமிட்ட தளபதியின் பெயர்தான் விலையைக் கூட்டுகிறது.

ஆசை உள்ள இடத்தில் போலியும் வரும். 1983ல் வெளியான பொய்யான ‘ஹிட்லர் நாட்குறிப்புகளை’ எழுதிய கொன்ராட் கூயாவ், இத்தகைய சேகரிப்பாளர்களிடம் போலிகளை விற்றுக் கைதேர்ந்தவர்தான்.

நம்மை அதிகம் உறுத்துவது வேறொரு தாள். முதல் உலகப்போரில் பங்கேற்றோருக்காக 1934ல் குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க் ஒரு கௌரவச் சிலுவையை ஏற்படுத்தினார். அப்போரில் ஏறத்தாழ ஒரு இலட்சம் யூதர்கள் ஜெர்மனிக்காகப் பணியாற்றினர். 12,000 பேர் உயிர்நீத்தனர். எனவே யூதர்களுக்கும் இச்சான்றிதழ் கிடைத்தது. ஹிண்டன்பர்க் இறந்தபின், அது ஹிட்லரின் பெயராலேயே வந்தது. சில ஆண்டுகளில், பதக்கம் பெற்றிருந்த அந்த முதியவர்களில் பலர் தெரேசியன்ஸ்டாட் முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டனர். நாடுகடத்தல் பட்டியல் காப்பகத்தில் இருக்கிறது. சான்றிதழ் யாரோ ஒருவரின் ஆல்பத்தில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் அந்த மனிதர் யாரென்று தெரியும். ஆவணங்களைத் தனித்தனியே விற்கும்போது நாம் இழப்பது இதைத்தான்.

சுவஸ்திகாவைப் பொதுவில் காட்டுவதை ஜெர்மன் சட்டம் தடுக்கிறது. வரலாறு, கல்வி போன்ற நோக்கங்களுக்கு விலக்கு உண்டு. அதனால் விற்பனைப் பட்டியல்களில் அச்சின்னத்தை மறைத்துப் படம் போடுகிறார்கள். மறைந்துபோவது அது மட்டும்தானா?

அதே அரசு வேறுவகைத் தாளும் எழுதியது. ஹிட்லரின் போரில் ஆயுதம் ஏந்த மறுத்த ஆஸ்திரிய விவசாயி பிரான்ஸ் ஜேகர்ஸ்டேட்டருக்கு, 1943 ஜூலை 6 அன்று இராணுவ நீதிமன்றம் மரணதண்டனை விதித்தது. ஆகஸ்ட் 9 அன்று அவர் கொல்லப்பட்டார். பதக்கமோ சான்றிதழோ அவர் வீட்டுக்கு வரவில்லை. மனைவி பிரான்சிஸ்காவிடம் இருந்தவை அவர் எழுதிய கடிதங்கள். 1997ல் பெர்லின் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை இரத்து செய்தது. 2007 அக்டோபர் 26 அன்று லின்ஸ் பேராலயத்தில் அவர் அருளாளராக உயர்த்தப்பட்டபோது, 94 வயதான பிரான்சிஸ்கா அங்கே இருந்தார்.