ஓட்டைத் தொட்டியை ஒட்ட வேண்டாம், மாற்றுங்கள்

மாணவர்களே, ஒரு படகில் கழிப்பறை இருக்கிறது. தண்ணீரை ஊற்றிவிட்டால் கழிவு எங்கே போகும்? வகுப்பில் இதைக் கேட்டபோது பாதிப் பேர் "கடலுக்கு" என்றார்கள். அப்படிப் போகக்கூடாது என்பதற்காகத்தான் படகின் உள்ளே ஒரு கழிவுத் தொட்டி வைக்கிறார்கள். கரைக்கு வந்ததும் அதை உறிஞ்சி எடுத்து, நிலத்திலுள்ள கழிவுநீர்க் குழாய்க்கு அனுப்ப வேண்டும்.

என் நண்பர் ஒருவர் மூன்று பேருடன் சேர்ந்து 30 வயதான படகு ஒன்றை வாங்கினார். சில மாதங்களில் படகுக்குள் நாற்றம் தாங்கவில்லை. எஃகுத் தொட்டி கசிந்துகொண்டிருந்தது. தேக்கா நிலையத்தில் தே தாரிக் குடித்துக்கொண்டே அவர் கேட்டார்: "வெளியே பசை பூசினால் போதாதா? கசிவது கொஞ்சம்தானே, கடல் எவ்வளவு பெரிது!"

இரண்டுக்கும் என் பதில் "இல்லை" என்பதுதான். ஏன் என்று நீங்களும் யோசித்துப் பாருங்கள்.

தொட்டியை அரிப்பது எது?

மூடிய தொட்டிக்குள் ஆக்சிஜன் குறைவு. ஆக்சிஜன் இல்லாமலே வாழும் சில பாக்டீரியாக்கள், கழிவிலுள்ள சல்பேட்டைப் பயன்படுத்தி ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை வெளியிடுகின்றன. அழுகிய முட்டை நாற்றம் அதனுடையதுதான். கடல்நீரால் கழுவும் கழிப்பறை என்றால் இன்னும் மோசம். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 2.7 கிராம் சல்பேட் உண்டு. அந்த வாயு தொட்டியின் ஈரமான மேற்பகுதியில் படியும்போது, வேறு வகை பாக்டீரியாக்கள் அதைக் கந்தக அமிலமாக மாற்றுகின்றன. அமிலமும் உலோகமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது உங்கள் வேதியியல் பாடத்திலேயே இருக்கிறது. துருப்பிடிக்காத எஃகும் தப்பாது. சிறுநீரிலும் கடல்நீரிலும் உள்ள குளோரைடு, பற்றவைத்த இடங்களில் ஊசித் துளை போடும்.

அரிப்பு உள்ளே நடக்கிறது; பசையோ வெளியே பூசப்படுகிறது. ஓர் இடத்தில் ஓட்டை விழுந்தால், மற்ற இடங்களும் மெலிந்துவிட்டன என்றே கொள்ள வேண்டும். நண்பரின் தொட்டியைக் கடைசியில் அறுத்து எடுத்தபோது, கசியாத மேல்தகட்டை ஒரு திருப்புளியால் அழுத்தினார்கள். அது உள்ளே போய்விட்டது.

மாற்றுவது எளிதல்ல. பழைய படகுகளில் தொட்டியை வைத்த பிறகே மேல்தளத்தைப் போட்டிருப்பார்கள். அதனால் தொட்டி வாசல் வழியே வெளியே வராது, துண்டாக்கித்தான் எடுக்க வேண்டும். அதற்கு முன் காலி செய்து, கழுவி, நன்றாகக் காற்றோட்டம் கொடுக்க வேண்டும். ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது. படகின் அடிப்பகுதியில் தங்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, உயிரையும் பறிக்கும். ஆகவே வாயு அளக்கும் கருவியுடன் பயிற்சி பெற்றவர்கள் செய்ய வேண்டிய வேலை இது. புதிய தொட்டிக்குத் தடித்த பாலிஎத்திலீன் நல்லது. அந்த அமிலம் அதை அரிக்காது. காற்றுக்குழாய் அகலமாக இருந்தால் ஆக்சிஜன் உள்ளே வரும், நாற்ற வாயு குறையும். 100 லிட்டர் கழிவு ஏறத்தாழ 100 கிலோ எடை. அலையில் அது நகராதபடி தொட்டியை இறுக்கிக் கட்ட வேண்டும்.

கடல் பெரிதா?

கசிந்த கழிவு படகின் அடிக்குழியில் சேர்கிறது. அங்குள்ள தானியங்கி பம்பு, மழைநீரோடு அதையும் கடலில் இறைத்துவிடுகிறது. "பரந்த கடலில் அது கரைந்துவிடும்" என்ற வாதத்தில் கொஞ்சம் உண்மை உண்டு. கப்பல்களுக்கான மார்போல் உடன்படிக்கையே, சுத்திகரிக்காத கழிவை நிலத்திலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால், கப்பல் ஓடிக்கொண்டிருக்கும்போது மெதுவாக வெளியேற்ற அனுமதிக்கிறது. 12 கடல் மைல் என்பது சுமார் 22 கிலோமீட்டர்.

வரைபடத்தை எடுத்துச் சிங்கப்பூர் நீரிணையை அளந்து பாருங்கள். வடக்கே நாம், தெற்கே பத்தாமும் பிந்தானும். நிலத்திலிருந்து 22 கிலோமீட்டர் தள்ளி நிற்க அங்கே இடமே கிடையாது. அந்த விதி பெரிய கப்பல்களுக்கானது என்றாலும், அதன் பின்னுள்ள அறிவியல் சிறு படகுக்கும் பொருந்தும். நமக்குத் "தூரக் கடல்" என்று ஒன்று பக்கத்தில் இல்லை.

அதோடு, நாம் இந்தக் கடலைக் குடிக்கவும் செய்கிறோம். சிங்கப்பூரில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் ஐந்து உள்ளன. முதலாவது 2005இல் துவாஸில் திறக்கப்பட்டது. கடற்கரையில் நீந்தலாமா என்று முடிவு செய்ய, 100 மில்லிலிட்டர் நீரில் எத்தனை என்டெரோகாக்கஸ் பாக்டீரியாக்கள் உள்ளன என்று எண்ணுகிறார்கள். அந்தக் கிருமி மனிதர்களின், விலங்குகளின் குடலிலிருந்து வருவது.

ஆறு கற்பித்த பாடம்

சிங்கப்பூர் ஆறு ஒரு காலத்தில் நாறியது. 1977இல் பிரதமர் லீ குவான் இயூ, பத்தாண்டில் அதில் மீன் பிடிக்க முடிய வேண்டும் என்றார். ஆற்றில் மருந்து ஊற்றி அதைச் சுத்தம் செய்யவில்லை. கழிவு புறப்படும் இடங்களைத்தான் ஒவ்வொன்றாக அடைத்தார்கள். பன்றிப் பண்ணைகள் அகற்றப்பட்டன. 1983இல் சரக்குத் தோணிகள் பாசிர் பாஞ்சாங்கிற்குப் போயின. 1987 ஜனவரியில் மலவாளி முறை முடிவுக்கு வந்தது. 2008இல் மரினா அணைக்கட்டு எழுந்ததும் அந்த முகத்துவாரம் நீர்த்தேக்கம் ஆனது. இன்று லிட்டில் இந்தியாவில் பெய்யும் மழை ரோச்சோர் கால்வாய் வழியாக அங்கேதான் சேர்கிறது.

தொட்டியை மாற்ற நண்பருக்கு நிறையப் பணமும் மூன்று வார இறுதிகளும் செலவாயின. நியாயமான செலவு என்றே நான் நினைக்கிறேன். தொட்டியில் நின்று கரைக்கு வந்தால், அந்தக் கழிவு சுத்திகரிப்புக்குப் போகிறது. அப்படிச் சுத்திகரித்த நீரிலிருந்துதான் 2003 முதல் நியூவாட்டர் கிடைக்கிறது. கசிந்தால் அதுவே நோய்க்கிருமி.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டுக் கழிப்பறைத் தண்ணீரும், புளோக்கின் கீழேயுள்ள வடிகால் தண்ணீரும் எங்கே போய்ச் சேர்கின்றன என்று கண்டுபிடித்து, ஒரு படமாக வரைந்து வாருங்கள். இரண்டும் ஒரே வழியில் போகாது.