உதட்டுப் பிளவுதானே, வீட்டிலேயே பெறலாமா?

ஐந்தாம் மாத ஸ்கேனில் குழந்தையின் மேலுதட்டில் பிளவு இருப்பதாகத் தெரிந்துவிட்டால் வீடே கலங்கிப்போகிறது. அந்தக் கலக்கத்துக்கு நடுவே, இயற்கைப் பிரசவத்தை வலியுறுத்துவோரிடமிருந்து ஓர் ஆறுதல் வருகிறது. "உதடுதானே, உயிருக்கு ஒன்றும் ஆகாது. ஆஸ்பத்திரிக்குப் போனால் வயிற்றைக் கிழிப்பார்கள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். வீட்டிலேயே பெற்றுக்கொள். மூன்று மாதம் கழித்து ஆபரேஷனுக்குப் போனால் போதும்."

இந்தப் பேச்சில் பாதி உண்மை இருப்பதால்தான் எடுபடுகிறது. உதட்டுப் பிளவு பிரசவத்தைக் கடினமாக்குவதில்லை. அறுவை சிகிச்சையும் பிறந்தவுடன் செய்வதில்லை. ஆனால் பிரசவத்துக்கும் ஆபரேஷனுக்கும் இடையில் குழந்தை பால் குடித்தாக வேண்டும், மூச்சுவிட்டாக வேண்டும், எடை கூடியாக வேண்டும். அந்த நாட்களைப் பற்றி, அதிலும் முதல் நாளைப் பற்றி, ஆறுதல் சொல்பவர்கள் வாய் திறப்பதில்லை. அவர்கள் சொல்லும் காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. "ஸ்கேனில் உதடு மட்டும்தான் என்று சொல்லிவிட்டார்கள்"

ஸ்கேனால் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. கருவின் மேலுதடு ஏறத்தாழ ஏழாவது வாரத்துக்குள் கூடிவிடுகிறது. வாயின் மேற்கூரையான அண்ணம் பன்னிரண்டாவது வாரம் வாக்கில்தான் முழுதாக மூடுகிறது. 18 முதல் 20 வாரத்தில் எடுக்கும் ஸ்கேனில் உதடு ஓரளவு தெளிவாகத் தெரியும். அண்ணம் எலும்புகளின் நிழலில் மறைந்திருப்பதால் அதிலுள்ள பிளவு பலமுறை கண்ணில் படாமல் தப்பிவிடும். உதட்டுப் பிளவோடு பிறக்கும் குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அண்ணத்திலும் பிளவு இருக்கிறது. பிறந்த குழந்தையின் வாயைத் திறந்து, டார்ச் அடித்து, உள்நாக்கு வரை பார்த்து, விரலாலும் தடவிப் பார்த்த பிறகே "உதடு மட்டும்" என்று சொல்ல முடியும். சில குழந்தைகளுக்குப் பிளவோடு இதயம் போன்ற வேறு உறுப்புகளிலும் குறை இருக்கலாம். தாடை மிகச் சிறியதாக இருந்து நாக்கு பின்னால் சரியும் குழந்தைக்கு மூச்சே தடைபடும். இவை எல்லாருக்கும் வருவதில்லை. யாருக்கு வரும் என்பதைப் பிறந்த அன்றே, பார்க்கத் தெரிந்தவர் பார்த்தால்தான் தெரியும்.

2. "தாய்ப்பால் கொடுத்தால் போதும்"

உதட்டில் மட்டும் பிளவு இருக்கும் குழந்தைகள் பலர் நன்றாகவே மார்பில் குடிக்கிறார்கள். தாயின் மார்பே அந்த இடைவெளியை அடைத்துக்கொள்ளும். அண்ணத்தில் பிளவு இருந்தால் கதை வேறு. வாய்க்கும் மூக்குக்கும் நடுவே அடைப்பு இல்லாததால் உறிஞ்சும் விசை உருவாவதில்லை. குழந்தை மார்பைப் பற்றும், வாயை அசைக்கும், களைத்துத் தூங்கிவிடும். வயிறு நிறைந்துதான் தூங்குகிறது என்று வீட்டில் நினைத்துக்கொள்வார்கள். உள்ளே போனது சில சொட்டுகள்தான். பச்சிளங்குழந்தைக்கு இப்படிப் பால் குறைந்தால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கும், உடல் சில்லிடும், மஞ்சள் காமாலை கூடும். பசித்த குழந்தை அழும் என்று காத்திருக்க முடியாது. சோர்ந்த குழந்தை அழக்கூடச் செய்யாது.

இதற்கு வழி இருக்கிறது, அதுவும் நம் வீட்டு வழிதான். சீம்பாலையும் பாலையும் பீய்ச்சி எடுத்து, பாலாடையிலோ கரண்டியிலோ புகட்டலாம். குழந்தையை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். ஒரு மிடறு விழுங்கிய பிறகே அடுத்ததை விட வேண்டும். காற்றையும் சேர்த்து விழுங்கும் என்பதால் அடிக்கடி தோளில் போட்டுத் தட்ட வேண்டும். மூக்கு வழியே பால் வந்தால் பதறாமல் நிறுத்தித் துடைக்க வேண்டும். எத்தனை மில்லி, எத்தனை முறை, எத்தனை ஈரத்துணி, எடை எவ்வளவு என்று கணக்கு வைக்க வேண்டும். கூடவே ஒரு செவிலியர் நின்று ஓரிரு நாள் பழக்கிவிட்டால் எந்தத் தாய்க்கும் கைவரும். முதல் முறையே தனியாகச் செய்து பார்க்கும்போதுதான் புரையேறுகிறது.

3. "ஆபரேஷனுக்குத்தானே மருத்துவர் வேண்டும், அது மூன்று மாதம் கழித்து"

அந்த மூன்று மாதம் தானாக வந்துவிடாது. உதட்டைத் தைக்கப் பல மருத்துவர்கள் இன்றும் கைக்கொள்ளும் பழைய அளவுகோல் மூன்று பத்துகள்: 10 வார வயது, 10 பவுண்டு எடை, அதாவது சுமார் நாலரைக் கிலோ, 10 கிராம் ஹீமோகுளோபின். இதில் வயது மட்டுமே நாள்காட்டியைப் பார்த்து வரும். எடை பாலைப் பொறுத்தது. முதல் வாரத்தில் தடுமாறிய குழந்தை எடையில் பின்தங்கும், அறுவை தள்ளிப்போகும்.

4. "வெளிநாட்டில் வீட்டில்தானே பெறுகிறார்கள்"

இங்கிலாந்திலும் நெதர்லாந்திலும் திட்டமிட்ட வீட்டுப் பிரசவம் உண்மைதான். அங்கே வீட்டுக்கு வருபவர் பதிவுபெற்ற மருத்துவச்சி. ரத்தப்போக்கை நிறுத்தும் மருந்தும், மூச்சுவிடாத குழந்தைக்குக் காற்றூட்டும் கருவியும் அவர் கையில் இருக்கும். மருத்துவமனைக்கு மாற்றும் ஏற்பாடும் தயாராக இருக்கும். அப்படியும், 2011இல் வெளியான 'பர்த்பிளேஸ் இன் இங்கிலாந்து' ஆய்வில், சிக்கல் ஏதும் எதிர்பார்க்கப்படாத தாய்மாரை மட்டும் எடுத்துக்கொண்டபோதே, முதல் பிரசவத்தை வீட்டில் திட்டமிட்டவர்களில் 45 சதவீதம் பேர் வலி கண்ட பிறகோ பிரசவம் முடிந்த உடனேயோ மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார்கள். குழந்தைக்குக் கடும் பாதிப்பு நேர்ந்தது ஆயிரத்துக்கு 9.3, மருத்துவர் தலைமையிலான பிரிவுகளில் 5.3. சிசுவுக்குப் பிறவிக் குறை தெரிந்திருந்தால் பிரசவ இடத்தைப் பற்றித் தனியாக ஆராய்ந்து முடிவெடுக்க வேண்டும் என்பதே இங்கிலாந்தின் வழிகாட்டுதல்.

இங்கே வீட்டுப் பிரசவத்துக்கு அப்படியொரு ஏற்பாடு இல்லை. 2018 ஜூலையில் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டிலேயே பெற முயன்ற ஓர் ஆசிரியை, குழந்தை பிறந்த பின் ரத்தப்போக்கில் இறந்தார். வெளிநாடுகளின் பாதுகாப்பு எதுவும் இல்லாமல் அந்நாடுகளின் பழக்கத்தை மட்டும் காட்டி ஒரு கர்ப்பிணியை நம்பவைப்பது பெரும் அநியாயம்.

5. "சிசேரியன் செய்வார்கள், பிள்ளையைப் பிரிப்பார்கள்"

இந்த அச்சம் காரணமில்லாமல் வந்ததல்ல. தேவையற்ற சிசேரியன்கள் நடக்கின்றன. பிளவோடு பிறந்த குழந்தையைத் தாயிடம் காட்டாமலே எடுத்துச் செல்வதும் நடக்கிறது. இரண்டும் தவறு. உதட்டுப் பிளவு சிசேரியனுக்குக் காரணமே ஆகாது; அதைக் காரணமாகச் சொன்னால் எதிர்த்துக் கேட்கலாம், வேறு மருத்துவரிடம் போகலாம். நன்றாக மூச்சுவிடும் குழந்தையைத் தாயின் மார்போடு சேர்த்துப் படுக்கவைக்கத் தடையில்லை. வாயைச் சோதிக்கச் சில நிமிடம் போதும், அதையும் தாயின் கண்முன்னேயே செய்யலாம். மருத்துவமனைகளின் முரட்டுத்தனத்துக்கு மாற்று, மருத்துவமனையைத் திருத்துவது. அந்த முரட்டுத்தனத்துக்கான விலையைக் குழந்தை தரக்கூடாது.

6. "வீட்டோடு முடித்தால் ஊர் வாய்க்குத் தப்பலாம்"

கிரகணத்தில் வெளியே வந்தாள், கத்தியைத் தொட்டாள் என்று தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் பேச்சு இன்னும் ஓயவில்லை. ஏழாவது வாரத்துக்குள் கூடிவிட்ட உதட்டை ஐந்தாம் மாதத்துக் கிரகணம் எப்படிப் பிளக்கும்? மரபணுக்களும், சில வலிப்பு மருந்துகளும், புகையும், கட்டுப்பாடில்லாத சர்க்கரை நோயும் இதில் பங்கு வகிக்கின்றன. பல குழந்தைகளிடம் தனியொரு காரணத்தைக் காட்டவே முடியாது. உலகில் ஏறத்தாழ 700 குழந்தைகளில் ஒன்று பிளவோடு பிறக்கிறது. ஒளித்துவைக்க இதில் வெட்கம் ஏதுமில்லை. ஒளித்துவைத்தால் குழந்தைக்குச் சேர வேண்டியதுதான் தவறிப்போகும். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில் உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. பிறந்த இடத்திலேயே பதிவானால் அறுவை, காது கேட்கும் சோதனை, பேச்சுப் பயிற்சி என்று அடுத்தடுத்த படிகளுக்கு வழி திறக்கிறது.

வீட்டில் பெற வேண்டும் என்று நினைக்கும் பெண் கேட்பது மரியாதையை, நிதானத்தை, பிள்ளை தன் மார்பிலேயே கிடப்பதை. அவை அவளுடைய உரிமைகள். எட்டாம் மாதத்துக்குள் கணவனோ தாயோ துணைக்கு வர, பச்சிளங்குழந்தைப் பிரிவு உள்ள ஒரு மருத்துவமனைக்குப் போய் அவற்றைப் பேசி எழுதி வாங்கிக்கொள்ளலாம். பிரசவத்தின்போது உடன் யார் இருப்பார்? பிறந்தவுடன் அண்ணத்தைப் பார்ப்பவர் யார்? பீய்ச்சிய பாலைப் புகட்டக் கற்றுத்தரும் செவிலியர் உண்டா? பிளவு அறுவை நிபுணரை முன்கூட்டியே சந்திக்க முடியுமா? இந்த நான்குக்கும் நேரான பதில் தராத மருத்துவமனையை விட்டுவிட்டு அடுத்ததைத் தேடுங்கள். தேடுவதற்கு ஐந்தாம் மாத ஸ்கேன் உங்களுக்கு நான்கு மாத அவகாசம் கொடுத்திருக்கிறது.