மாத்திரை கொடுப்போர் கேட்காத கேள்வி

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 55 விழுக்காட்டினர் இரத்தசோகையுடன் வாழ்வதாக 2015-16ஆம் ஆண்டின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு கூறியது; 2019-21இல் நடந்த அடுத்த கணக்கெடுப்பிலும் அந்த அளவு 53 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கவில்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் பள்ளிகளில் வாரம் ஒருமுறை இரும்புச்சத்து மாத்திரை வழங்கப்பட்டது, குடற்புழு நீக்க மாத்திரையும் வழங்கப்பட்டது, முருங்கைக்கீரையின் பெருமை மேடைதோறும் பேசப்பட்டது. எண் அசையாததற்கு வறுமை, உணவுப் பழக்கம், மாத்திரையை வாங்கிக்கொண்டு விழுங்காமல் விட்டுவிடுவது எனப் பல காரணங்கள் அடுக்கப்படுகின்றன. அவற்றில் எதுவும் பொய்யன்று. ஆயினும் உடலுக்குள் போக வேண்டிய இரும்பைப் பற்றி இவ்வளவு அக்கறை காட்டும் பொதுச் சுகாதாரத் துறை, மாதந்தோறும் உடலிலிருந்து வெளியேறும் இரும்பைப் பற்றி ஏறத்தாழ வாய் திறப்பதேயில்லை. அதனால் மாதவிடாயின் கடும் வலியும், பெரும்பாடு எனப்படும் மிகை இரத்தப்போக்கும் நோயின் அறிகுறிகளாக அறியப்படாமலேயே எண்ணற்ற பெண்களின் வாழ்வில் ஆண்டுக்கணக்கில் நீடிக்கின்றன.

கணக்கு எளியது. ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்பு இருப்பதால், ஒரு மாதவிடாயில் 80 மில்லிலிட்டர் இரத்தம் போனால் 40 மில்லிகிராம் இரும்பு அதனுடன் போய்விடுகிறது. உடல் உணவிலிருந்து உட்கவர்வதோ நாளொன்றுக்கு ஒன்று அல்லது இரண்டு மில்லிகிராம்தான், அதிலும் பெரும்பகுதி தோல், குடல் வழியாக நிகழும் அன்றாட இழப்பை ஈடுசெய்யவே சரியாகிவிடுகிறது. 80 மில்லிலிட்டர் என்ற எல்லை, 1966இல் சுவீடனின் கோத்தன்பர்க் நகரப் பெண்களிடம் நடத்தப்பட்ட ஆய்வில், அதற்கு மேல் இழப்போருக்கு இரத்தசோகை மிகுதியாக இருந்ததைக் கொண்டு வகுக்கப்பட்டது. வீட்டில் எவரும் இரத்தத்தை அளந்து பார்ப்பதில்லை என்பதால், பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுநெறிகளை வகுக்கும் நைஸ் நிறுவனம், பெண்ணின் உடல்நிலை, மனநிலை, அன்றாட வாழ்வு ஆகியவற்றைக் குலைக்கும் அளவுக்குப் போகும் எந்த இரத்தப்போக்கையும் மிகையானதாகவே கொள்ள வேண்டும் என்று வரையறுத்திருக்கிறது. ஏழு நாட்களுக்கு மேல் நீடிப்பது, ஓரிரு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கினை மாற்ற நேர்வது, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டை வைத்தும் இரவில் படுக்கை நனைவது, பெரிய நாணயத்தைவிடப் பெரிய கட்டிகளாக இரத்தம் வெளிப்படுவது ஆகியவை அதை அறிந்துகொள்ள உதவும் அடையாளங்கள்.

2011ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட புதுயுகம் திட்டத்தின்கீழ் வளரிளம் பெண் ஒருவருக்கு இரண்டு மாதங்களுக்கு மூன்று பொட்டலங்கள், பொட்டலத்துக்கு ஆறு நாப்கின்கள் என்ற அளவில் இலவசமாக வழங்க ஏற்பாடானது. மறைக்க வேண்டியதாகக் கருதப்பட்ட ஒன்றை அரசின் பொறுப்பாக ஏற்றுக்கொண்ட அத்திட்டம் பாராட்டுக்குரியது. ஆனால் மாதத்துக்கு ஒன்பது நாப்கின் என்ற அந்தக் கணக்கில், மிகை இரத்தப்போக்கு உள்ள பெண்ணுக்கு இரண்டாம் நாளைக் கடப்பதே கடினம். ஒன்பது போதவில்லை என்று ஒரு மாணவி சொன்னால் அதை நோயின் அறிகுறியாகக் குறித்துக்கொண்டு மேல்நடவடிக்கை எடுக்கும் வழிமுறை வலுப்பெறாத வரையில், தூய்மைக்கான திட்டம் உடல்நலத்துக்கான திட்டமாக ஆகிவிடாது.

வலியைப் பொறுத்தவரை குழப்பம் இன்னும் ஆழமானது. கருப்பையின் உட்படலம் சிதையும்போது சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்னும் வேதிப்பொருள், கருப்பைத் தசையை இறுக்கிச் சுருக்கி அதற்குச் செல்லும் இரத்த ஓட்டத்தையும் குறைப்பதால் வலி தோன்றுகிறது. பூப்பெய்திய ஓரிரு ஆண்டுகளில் தொடங்கி, மாதத்தில் இரண்டு மூன்று நாட்கள் இருந்து அடங்கிவிடும் இவ்வகை வலி பெரும்பாலும் நோயின் விளைவன்று, எளிய மருந்துகளுக்குக் கட்டுப்படக்கூடியது. மற்றொரு வகை ஏதேனும் ஒரு நோயைச் சார்ந்தது: கருப்பையின் உட்படலத்தை ஒத்த திசு கருப்பைக்கு வெளியே சூலகம், குடல், சிறுநீர்ப்பை முதலிய இடங்களில் வளரும் எண்டோமெட்ரியோசிஸ், அத்திசு கருப்பையின் தசைச் சுவருக்குள்ளேயே ஊடுருவும் அடினோமயோசிஸ், ஃபைப்ராய்டு எனப்படும் நார்த்திசுக்கட்டிகள் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போவது, மாதவிடாய் அல்லாத நாட்களிலும் தொடர்வது, மலம் கழிக்கையிலும் உடலுறவிலும் வருத்துவது, வழக்கமான மாத்திரைக்கு மசியாதது ஆகியவை இரண்டாம் வகையின் குறிகள். உலகில் இனப்பெருக்க வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு, அதாவது 19 கோடிப் பேருக்கு எண்டோமெட்ரியோசிஸ் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. மருத்துவ வசதி மிகுந்த பிரிட்டனிலேயே அந்நோயைக் கண்டறிய முதல் அறிகுறியிலிருந்து சராசரியாக எட்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

இங்கே அந்தத் தாமதத்துக்குத் தனிக் காரணங்களும் உண்டு. வலியில் சுருண்டு கிடக்கும் பெண்ணிடம் கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்றும், ஆனவளிடம் ஒரு பிள்ளை பிறந்தால் சரியாகிவிடும் என்றும் சொல்லும் வழக்கம் பாட்டிமாரோடு நின்றுவிடாமல் சில மருத்துவர்களின் மேசைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. மணமாகாத பெண் மகப்பேறு மருத்துவரிடம் போய் வந்தால் ஊர் என்ன பேசும் என்ற அச்சத்தில், மருந்துக்கடையில் வாங்கிய மாத்திரையோடு பல குடும்பங்கள் நின்றுவிடுகின்றன. துணிந்து போகிறவர்களுக்கும் ஒரு முட்டுச்சந்து காத்திருக்கிறது: வயிற்று ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை, எல்லாம் நலமே என்று அறிக்கை வருகிறது. எண்டோமெட்ரியோசிஸின் மேலோட்டமான படிவுகள் சாதாரண ஸ்கேனில் தெரியாமல் போகக்கூடும் என்பதால், நலம் என்று வந்த அறிக்கை நோய் இல்லை என்பதற்குச் சான்றாகாது. லேப்ராஸ்கோப்பி எனும் நுண்துளை அறுவையால் கண்ணால் கண்டாலன்றி நோயை உறுதிசெய்யக் கூடாது என்ற பழைய நிலையை ஐரோப்பிய மருத்துவச் சங்கமான எஷ்ரே 2022இல் வெளியிட்ட வழிகாட்டுநெறியில் தளர்த்தியது. அறிகுறிகளைக் கேட்டறிந்து மருந்தைத் தொடங்கிப் பார்க்கலாம் என்பதே இன்றைய நிலைப்பாடு. ஆகவே நோயறிதலின் முதற்கருவி செவிதான், அதற்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் எம்.ஆர்.ஐ. கருவிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

மிகை இரத்தப்போக்கின் வேர் கருப்பைக்கு வெளியேயும் இருக்கலாம். பின்லாந்தின் ஓலாந்து தீவுகளில் ஒரே குடும்பத்தில் பலருக்கு இரத்தம் உறையாமல் இருந்ததை 1926இல் எரிக் வான் வில்லிபிராண்ட் என்ற மருத்துவர் எழுதி வைத்தார். அவர் முதலில் பார்த்த சிறுமி, 13ஆம் வயதில், தன் நான்காவது மாதவிடாயில் இரத்தம் நிற்காமல் இறந்துபோனாள். இன்று அவர் பெயரால் அறியப்படும் அக்குறைபாடு, பரம்பரையாக வரும் இரத்த உறைவுக் குறைபாடுகளுள் மிகப் பரவலானது. அதன் கடுமையான வடிவம் பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படும் என்பதால், நான்கில் ஒன்றுக்கு மேற்பட்ட திருமணங்கள் உறவுக்குள் நடக்கும் தமிழ்நாட்டில் அதைப் பற்றிக் கூடுதல் விழிப்பு தேவை. முதல் மாதவிடாயிலிருந்தே இரத்தம் மிகையாகப் போகும் சிறுமியிடம், பல் பிடுங்கியபோது இரத்தம் நின்றதா, காரணமின்றி உடலில் கன்றிப்போன தடங்கள் தோன்றுகின்றனவா, வீட்டில் வேறு எவருக்கேனும் இப்படி உண்டா என்று கேட்பதற்கு எந்தச் செலவும் இல்லை.

கேட்காமல் விடுவதன் விலையைப் பெரும்பாலும் உழைக்கும் பெண்களே கொடுக்கிறார்கள். தமிழ்நாட்டின் நூற்பாலைகளிலும் ஆயத்த ஆடைத் தொழிற்கூடங்களிலும் மாதவிடாய் வலி என்று சொல்லும் பெண்களுக்குப் பெயர்ச்சீட்டு இல்லாத மாத்திரைகள் கொடுக்கப்பட்டு, அவர்கள் மீண்டும் வேலைக்கு அனுப்பப்பட்டதை 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் புலனாய்வுச் செய்தி வெளிக்கொணர்ந்தது. மாதவிடாய் வலிக்குப் பரவலாகப் பயன்படும் மெஃபனமிக் அமிலம் அரிதாகக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடும் என்று இந்திய மருந்தியல் ஆணையம் 2023இல் எச்சரித்த பின்னரும், அது மருத்துவச் சீட்டின்றிக் கடைகளில் எளிதாகக் கிடைக்கிறது. அம்மருந்து தேவையற்றது என்பது இங்கே வாதமில்லை. யாருக்கு, எவ்வளவு, எத்தனை மாதம் என்று சொல்ல ஒருவர் இருக்க வேண்டும்.

நோயறிதலைத் தவறவிட்ட பாதை பல நேரங்களில் அறுவை அரங்கில் போய் முடிகிறது. கருப்பை நீக்கம் செய்துகொண்ட இந்தியப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர், தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், அதற்குக் காரணமாகக் கூறியது மிகை இரத்தப்போக்கையும் வலியையுமே. அந்த அறுவைகளில் பெரும்பகுதி தனியார் மருத்துவமனைகளில் நடந்தவை. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்களை ஆராய 2019இல் அமைக்கப்பட்ட குழு, 82,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் விசாரித்ததில் 13,000க்கும் மேற்பட்டோர் கருப்பையை இழந்திருந்ததைக் கண்டது. ஒரு நாள் வேலை தவறினாலும் ஒப்பந்தக்காரருக்குத் தண்டம் கட்ட வேண்டிய நிலையில், மாதவிடாயையே ஒழித்துவிடுவது அப்பெண்களுக்கு வழியாகக் காட்டப்பட்டது. கருப்பையோடு சூலகங்களையும் எடுத்துவிட்டால் மாதவிடாய் நிறைவு முன்கூட்டியே வந்து, எலும்புத் தேய்வும் இதயநோயும் நெருங்கி வரும். எண்டோமெட்ரியோசிஸ் வேறு உறுப்புகளில் இருந்தால் கருப்பை போன பிறகும் வலி தொடரக்கூடும். தேவையற்ற கருப்பை நீக்கங்களைத் தடுக்க மத்திய சுகாதார அமைச்சகம் வகுத்த வழிகாட்டுநெறிகளை மாநிலங்கள் மூன்று மாதங்களுக்குள் ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் உத்தரவிட்டது. எனினும் அறுவைக்கு முன் என்ன செய்யலாம் என்பது எட்டாத இடத்தில் இருக்கும்வரை அறுவையைத் தணிக்கை செய்வது பாதித் தீர்வே. ஜப்பானிய மருத்துவ அறிஞர்களான ஒகமோட்டோ இணையர் 1962இல் கண்டளித்த டிரானெக்ஸாமிக் அமிலம் இரத்தப்போக்கை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கவல்லது. லெவோநார்ஜெஸ்ட்ரல் ஹார்மோனைச் சுரக்கும் கருப்பைச் சாதனம் அதைவிட வலியது, பல ஆண்டுகள் பயன் தருவது. அரசின் காப்பீட்டுத் திட்டங்களோ மருத்துவமனையில் படுத்துப் பெறும் சிகிச்சைக்கே பெரும்பாலும் பணம் தருகின்றன. டிரானெக்ஸாமிக் அமிலம் போன்ற மாத்திரைக்கும் புறநோயாளி ஆலோசனைக்கும் தருவதில்லை. கத்திக்குப் பணம் உண்டு, கேள்விக்குப் பணம் இல்லை என்ற இந்த அமைப்பு யாரை எங்கே தள்ளும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

இயல்பான ஒன்றை நோயாக்கிப் பெண்களை மருத்துவமனைக்கு அலையவிடக் கூடாது என்ற மறுப்பு எழலாம். அதில் நியாயமும் இருக்கிறது. வலி உள்ள எல்லோருக்கும் நோய் இல்லை, மாதவிடாய் தொடங்கிய முதல் ஓரிரு ஆண்டுகளில் அது ஒழுங்கற்று இருப்பதும் இயல்பே. இயல்பு எது, நோய் எது என்று பிரித்தறியத்தான் கேள்வி வேண்டும். கேட்காதிருப்பது நலமுள்ளவருக்கு அச்சத்தையும் நோயுள்ளவருக்குத் தாமதத்தையும் தருகிறது. 1992 முதல் பீகார் அரசுப் பணியில் உள்ள மாதவிடாய் விடுப்பையும், கர்நாடகம் 2025இல் எடுத்த விடுப்பு முடிவையும் முன்மாதிரியாகக் காட்டுவோர் உண்டு. விடுப்பு வரவேற்கத்தக்கதே, ஆனால் மாதந்தோறும் விடுப்பு எடுக்க வேண்டிய அளவுக்கு வலி இருக்கும் பெண்ணுக்கு, அந்த வலிக்கான காரணம் சொல்லப்படுவதே முதல் உரிமை.

தமிழ்நாடு இதைச் செய்ய முடியாத மாநிலமன்று. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் நீரிழிவையும் இரத்தக் கொதிப்பையும் வீட்டு வாசலில் தேடிப் பிடிக்கிறது. பள்ளி மருத்துவக் குழுக்கள் மாணவர்களைப் பரிசோதித்து வருகின்றன. கிராம சுகாதார செவிலியர் எந்த வீட்டுக்குள்ளும் உரிமையோடு போகக்கூடியவர். இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கப்படும் ஒவ்வோர் இடத்திலும் இரத்தப்போக்கு எத்தனை நாள், நாப்கின் எத்தனை, வலியால் பள்ளியோ வேலையோ எத்தனை நாள் தவறுகிறது என்ற மூன்று கேள்விகள் கேட்கப்பட்டு, மிகையெனத் தெரிந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பப்பட வேண்டும். அங்கே ஹீமோகுளோபினுடன், உடலின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் சோதனைக்கும் தைராய்டு சோதனைக்கும் வழி இருக்க வேண்டும். மூன்று மாத மருந்துக்குப் பிறகும் மாற்றமில்லையெனில் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் வாரம் ஒரு நாள் இதற்கென நடக்கும் புறநோயாளர் பிரிவுக்குப் பரிந்துரை போக வேண்டும். வரும் ஜூனில் பள்ளிகள் திறந்து மாத்திரை வழங்கல் மீண்டும் தொடங்கும்போது அந்த மூன்று கேள்விகளும் படிவத்தில் இருப்பதற்கான ஆணையைச் சுகாதாரத் துறை இப்போதே பிறப்பிக்க வேண்டும்.