முடியாத பிரபஞ்சமும் முடிந்த விற்பனையும்

தமிழ்ச் சங்கத்தின் ஆண்டிதழிலே கணினி விளையாட்டைப் பற்றி ஒரு கட்டுரையா எனப் புருவம் உயர்த்துவோர் நம்மிடையே உளர். நாவலைப் பற்றியும் ஒரு காலத்தில் இவ்வாறே வினவினர்; பின்னர் சினிமாவைப் பற்றியும் வினவினர். விடுதி அறைகளிலே மாணவர் பலர் இரவிரவாக எதில் ஈடுபடுகின்றனரோ அதனைப் பற்றிச் சிந்திக்க மறுப்பது புலமைக்கு அழகன்று. எனினும் இக்கட்டுரை அவர்களோடு வாதிடுவதற்காக எழுதப்பட்டதன்று. நான் வாதிட விரும்புவது விளையாடுகின்ற என் நண்பர்களோடேயாம். "முடியாத விளையாட்டு என்று தெரிந்துதானே வாங்கினாய்? பிறகேன் குறை கூறுகின்றாய்?" என்னும் கூற்றை அவர்கள் வேதவாக்காகக் கொண்டுள்ளனர். இக்கூற்று பிழையானது மட்டுமன்று, அநீதியானதுமாகும் என்பதை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் பொருளை வரையறுத்துக்கொள்வோம். ஆக்கம் முற்றுப்பெறாத விளையாட்டொன்றை விலைக்கு விற்று, அப்பணத்தைக் கொண்டும், வாங்கியோர் கூறும் கருத்துக்களைக் கொண்டும் அதனைத் தொடர்ந்து உருவாக்கும் முறையை 'ஏர்லி அக்செஸ்' என்பர். தமிழில் இதனை முன்னுகர்வு எனலாம். வால்வ் நிறுவனம் ஸ்டீம் என்னும் தனது இணையக் கடையிலே 2013 மார்ச்சில் இதற்கெனத் தனிப் பிரிவொன்றைத் திறந்தது. விண்வெளியை ஆராய்ந்து அங்கு உயிர்தப்பி வாழும் வகையைச் சேர்ந்த விளையாட்டுக்களுள் பெயர்பெற்ற பல இவ்வழியே வந்தன. ஸ்பேஸ் எஞ்சினியர்ஸ், ஸ்டார்பவுண்ட் ஆகியன 2013 இலும், சப்நோட்டிக்கா 2014 இலும், அஸ்ட்ரோனீர் 2016 இலும் முன்னுகர்வுக்கு வந்தவையாகும்.

இவ்விளையாட்டுக்களை அறியாதாருக்கு ஓர் எடுத்துக்காட்டு. அஸ்ட்ரோனீரிலே ஒரு சிறு விண்வெளி வீரன் அறியாத கோளொன்றில் இறங்குகின்றான். அவன் முதுகிற் சுமக்கும் ஒட்சிசன் சிறிது நேரத்துக்கே போதும். ஆகவே தங்குமிடத்திலிருந்து சிறு கம்பங்களை வரிசையாக நட்டு, அவை தரும் இணைப்பின் வழியே சுவாசித்தபடி நடக்கின்றான். கடைசிக் கம்பத்தைத் தாண்டினால் அளவுமானி இறங்கத் தொடங்கும். இன்னும் பத்தடி சென்றால் அந்தக் குகைக்குள் என்ன இருக்கிறதென்று பார்த்துவிடலாம்; ஆனால் திரும்பி வர மூச்சு இருக்குமா? இந்த அச்சமும் ஆவலுமே இவ்வகை விளையாட்டுக்களின் உயிர். மண்ணைத் தோண்டி, கனியங்களைச் சேர்த்து, கருவிகளை ஆக்கி, வாகனம் செய்து, ஈற்றில் வேறொரு கோளுக்குப் பறக்கும்போது உண்டாகும் மகிழ்ச்சி உண்மையானது. அதனை நான் மறுக்கவில்லை. மறுத்தால் நான் கழித்த இரவுகள் எனக்கெதிராகச் சாட்சி கூறும்.

முன்னுகர்வு முறையே தீயது என்றும் நான் கூறவில்லை. மெக்சிக்கோவின் ஸ்குவாட் நிறுவனத்திலே பெலிப்பே பலாங்கே என்பவரின் எண்ணத்தில் உதித்த கேர்பல் ஸ்பேஸ் புறோகிராம் 2011 ஜூனிலே முதற் பதிப்பாக வெளிவந்து, விளையாடுவோரின் ஆதரவிலேயே வளர்ந்து, 2015 ஏப்பிரலில் முழுமை பெற்றது. கோளப்பாதை இயக்கவியலை எத்தனையோ இளைஞர் அதன் மூலம் உணர்ந்துகொண்டனர். சப்நோட்டிக்காவிலோ, விளையாடிக் கொண்டிருக்கும்போதே ஒரு விசையை அழுத்தித் தம் கருத்தை ஆக்குநருக்கு அனுப்பும் வசதி இருந்தது. அது 2018 ஜனவரியிலும், அஸ்ட்ரோனீர் 2019 பெப்ரவரியிலும் நிறைவுற்றன. பெருமூலதனத்தின் துணையின்றிச் சிறு குழுக்கள் நல்ல ஆக்கங்களைத் தருதற்கு இம்முறை வழிசெய்தது என்பதை மறுத்தல் நேர்மையாகாது. எனவே கேள்வி, இம்முறை நன்றா தீதா என்பதன்று. தவறினால் நட்டம் யாருடையது என்பதே கேள்வியாகும்.

இதற்கு விடை காணக் கேர்பலின் இரண்டாம் பாகத்தின் வரலாற்றை நோக்குவோம். அது 2019 இல் அறிவிக்கப்பட்டது. 2020 இல் வரும் என்றனர். ஆண்டுகள் பல பிந்தி, 2023 பெப்ரவரி 24 அன்று, நிறைவுற்ற ஆக்கமாகவன்றி முன்னுகர்வாகவே வெளிவந்தது. இம்முறை பின்னணியில் நின்றது சிறு குழுவன்று; டேக்-டூ என்னும் பெருநிறுவனத்தின் வெளியீட்டுப் பிரிவாகும். விலை ஏறத்தாழ 50 டொலர். விலையுயர்ந்த கணினிகளிலும் அது தடுமாறியது. வேற்றுக் கோள்களிலே குடியேற்றங்கள், பிற விண்மீன்களுக்கான பயணம், பலர் கூடி விளையாடும் வசதி ஆகியன பின்னர் வரும் என்றனர். அறிவியல் ஆய்வுப் பகுதி 2023 டிசெம்பரில் வந்தது, ஏனையவை வரவில்லை. 2024 இல் அந்நிறுவனத்தின் சியாட்டில் அலுவலகத்திலே 70 பேரின் வேலைகள் நீக்கப்படவிருப்பதாக மாநில அரசுக்கு அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டின் நடுப்பகுதியுடன் திருத்தங்கள் வருவதும் நின்றது. அவ்வாண்டு நவம்பரில் வெளியீட்டுப் பிரிவே விற்கப்பட்டதாக அறிவித்தனர். இத்தனைக்கும் பின்னர், 2025 பிறந்தபோதும் அவ்விளையாட்டு கடையில் விற்பனைக்கு இருந்தது.

இங்கே யார் எதனை இழந்தனர் என்று பாருங்கள். நிறுவனம் ஒரு பிரிவை விற்று வேறு வழி சென்றது. தொழிலாளர் வேலையை இழந்தனர். வாங்கியோர் பணத்தை இழந்தனர். 2023 பெப்ரவரியிலே 50 டொலர் நம் நாட்டு நாணயத்தில் ஏறத்தாழ 18,000 ரூபா. அக்காலத்தில் மகாபொல உதவித்தொகை மாதம் 5,000 ரூபா அளவிலேயே இருந்தது. மூன்றரை மாத உதவித்தொகையைக் கொடுத்து ஒருவன் வாங்கிய பொருளைப் பற்றிக் குறை கூறுதற்கு அவனுக்கு உரிமையில்லை என்பது எத்தகைய நியாயம்?

"தெரிந்துதானே வாங்கினான்" என்பர். எதனைத் தெரிந்து வாங்கினான்? கடையின் பக்கத்தைச் சற்று ஊன்றிப் படியுங்கள். இன்றைய நிலையில் இதனை விளையாட விருப்பமில்லையாயின் பொறுத்திருங்கள் என ஓர் அறிவுரை மேலே காணப்படும். அதன் கீழேயே ஆக்குநரின் விடைகள் வரிசையாக வரும்: இன்னும் எவ்வளவு காலம் செல்லும், முழுமையான பதிப்பு இதிலிருந்து எவ்வாறு வேறுபடும், பின்னர் விலை மாறுமா என்பன அவை. விலை பின்னர் உயரும் எனப் பலர் எழுதுகின்றனர். எதிர்காலத்தை நம்பி வாங்காதே என்று ஒரு வாயாற் கூறி, அந்த எதிர்காலத்தையே மறுவாயாற் கூவி விற்பதன்றி இது வேறென்ன? விற்கப்படும் பண்டம் விளையாட்டன்று, வாக்குறுதியே பண்டம். வாக்குறுதியை விலைக்கு விற்றவன் அது பொய்க்கும்போது, நான் விற்றது இன்றைய நிலையை மட்டுமே என்று கூறித் தப்பிக்கொள்ள இடந்தரலாகாது.

விண்வெளி விளையாட்டுக்கள் இவ்வணிகத்துக்கு ஏன் இத்துணை பொருத்தமாயின என்பதும் சிந்திக்கத்தக்கது. கதை சொல்லும் விளையாட்டில் இறுதி அத்தியாயம் இல்லையெனின் எவரும் உடனே கண்டுகொள்வர். பிரபஞ்சமோ இயல்பாகவே வெறுமையானது. ஒரு கோளில் இறங்கி மணிக்கணக்காக நடந்தும் பாறையைத் தவிர எதனையும் காணாதவன், இது விண்வெளியின் தனிமையா, ஆக்குநர் செய்யாது விட்ட வேலையா எனப் பிரித்தறிய மாட்டான். இல்லாமையை மர்மம் என்று தானே விளங்கிக்கொள்கின்றான். அடுத்த கோளிலே ஏதேனும் இருக்கும் என நம்புவதே ஆராய்வோனின் இயல்பு. அந்த நம்பிக்கையே இங்கு முதலாக இடப்படுகின்றது.

உயிர்தப்பி வாழும் பகுதியும் இதற்குத் துணைபோகின்றது. வாங்கிய 14 நாள்களுக்குள், விளையாடிய நேரம் 2 மணித்தியாலத்துக்குக் குறைவாயின் பணத்தைத் திருப்பித் தருவதாக ஸ்டீம் கூறுகின்றது. நல்ல விதியே. ஆயின் இவ்வகை விளையாட்டிலே முதல் இரண்டு மணித்தியாலமும் மண் தோண்டுவதிலும், மூச்சுக்கு வழி தேடுவதிலும், கூரையொன்று அமைப்பதிலும் கழிந்துவிடும். வானத்தை நோக்கிப் புறப்பட்டு, அங்கே ஒன்றுமில்லை என அறிந்துகொள்ளும் வேளையில் கடைக்கதவு மூடப்பட்டிருக்கும்.

இனி உழைப்பைப் பற்றிக் கூறுவோம். வழுக்களைக் கண்டறிதல் எந்தத் தொழிலகத்திலும் ஊதியத்துக்குரிய வேலையாகும். முன்னுகர்விலே அதே வேலையைச் செய்பவன் பணங்கொடுத்துவிட்டுச் செய்கின்றான். என் அனுபவம் ஒன்றைக் கூறுவேன்; விளையாட்டின் பெயர் வேண்டா. படிப்பு விடுமுறை முழுவதையும் செலவிட்டு ஒரு கோளின் பள்ளத்தாக்கிலே குடியிருப்பொன்றை அமைத்திருந்தேன். ஒட்சிசன் ஆலை, பயிர்க்கூடம், ஏவுதளம் யாவும் இருந்தன. ஒரு நாள் புதிய பதிப்பு வந்தது. பழைய சேமிப்புக் கோப்புகள் இனித் திறவா என்னும் அறிவித்தலும் வந்தது. அதற்கு முன்னர் மூன்று வழுக்களைப் பற்றி விரிவாக எழுதி அனுப்பியிருந்தேன். அவற்றுள் இரண்டு அப்பதிப்பில் திருத்தப்பட்டிருந்தன. என் உழைப்பு ஆக்கத்துள் புகுந்தது. என் குடியிருப்பு அழிந்தது. இதனைக் கூறியபோது சக விளையாட்டாளர் தந்த விடைதான் முதலிற் குறிப்பிட்ட அந்த வேதவாக்கு.

என் இழப்பு சிறிது. ஸ்டார்பவுண்டின் ஆக்கத்திலே பங்குகொண்ட சிலர், பதின்ம வயதினராயிருந்தபோதே தாம் நூற்றுக்கணக்கான மணித்தியாலங்கள் ஊதியமின்றிப் பணிபுரிந்ததாக 2019 இல் வெளிப்படையாகக் கூறினர். அவர்கள் விரும்பிப் பங்களித்தோர், கட்டாயம் எதுவும் இருக்கவில்லை என்பதே வெளியீட்டு நிறுவனத்தின் விடையாக இருந்தது. வாங்கியவனைப் பார்த்து "தெரிந்துதானே வாங்கினாய்" என்பதும், உழைத்தவனைப் பார்த்து "விரும்பித்தானே செய்தாய்" என்பதும் ஒரே குரலின் இரு சொற்களல்லவா?

தோணி செய்விப்போன் தச்சனுக்கு முற்பணம் கொடுப்பான். எஞ்சிய தொகையைத் தோணி நீரில் இறங்கிய பின்னரே கொடுப்பான். இங்கோ முழு விலையும் முற்பணமாகின்றது. முன்னுகர்வோன் பங்குதாரனைப் போல் இடரை ஏற்கின்றான். இலாபத்தில் அவனுக்குப் பங்கில்லை. தொழிலாளியைப் போல் உழைக்கின்றான், ஊதியமில்லை. வாடிக்கையாளனைப் போல் பணங்கொடுக்கின்றான். பொருளின் நிறைவுக்கு உத்தரவாதமில்லை. எஞ்சியிருந்தது குறை கூறும் உரிமை ஒன்றே. அதனையும் நண்பர்களே பறிக்க முயல்வதுதான் வேதனை.

நோ மேன்ஸ் ஸ்கையைப் பாருங்கள் எனச் சிலர் எதிர்வாதம் புரிவர். 2016 ஆகஸ்டில், முழுமையான விளையாட்டென்ற பெயரில், எதிர்பார்த்த பல கூறுகளின்றி வெளிவந்த அது, பின்னர் ஆண்டுதோறும் இலவசமாகவே விரிவாக்கப்பட்டுப் பலரின் பாராட்டைப் பெற்றது உண்மையே. ஆயின் அதனைச் செய்வித்தவற்றுள் எழுந்த கண்டனமும் ஒன்றென்பதை மறத்தலாகாது. மேலும், அத்திருத்தத்துக்கான பணத்தை முதல் விற்பனை ஈட்டிக் கொடுத்திருந்தது. விண்வெளி நிலையம் அமைக்கும் ஸ்பேஸ்பேஸ் டிஎவ்-9 இன் கதியோ வேறு. 2013 இல் முன்னுகர்வுக்கு வந்த அவ்விளையாட்டின் வருவாய் செலவுக்குப் போதாமையால், அடுத்த ஆண்டிலேயே ஆக்கத்தை முடித்துக்கொண்டு, அதற்கு முழுப்பதிப்பு என்று பெயரிட்டனர். ஒருவர் செய்த பிராயச்சித்தத்தைக் காட்டி எல்லோருடைய கடனையும் தள்ளுபடி செய்தல் தகாது. கருணை வேறு, உரிமை வேறு.

ஆகவே நாம் வேண்டுவன மூன்று. முற்றுப்பெறாத ஆக்கத்தின் விலை இன்றுள்ள அளவுக்கே இருத்தல் வேண்டும். வளர வளர விலை வளரட்டும். ஆக்கப் பணி நின்ற அன்றே விற்பனையும் நிற்றல் வேண்டும். நீண்டகாலம் திருத்தம் வராத முன்னுகர்வு விளையாட்டுக்களின் பக்கத்திலே அதனைக் குறிப்பிடும் அறிவித்தலை 2025 இல் ஸ்டீம் சேர்த்தது; அது முதலடி, முடிவன்று. மூன்றாவது நம்மைச் சார்ந்தது. கவிதையையும் நாடகத்தையும் விமரிசிக்கும் நாம் இவ்வாக்கங்களையும் வாக்குறுதியைக் கொண்டல்லாது இருப்பதைக் கொண்டே மதிப்பிடப் பழகுதல் வேண்டும். பணங்கொடுத்தும் உழைத்தும் ஏமாந்த நண்பனைப் பார்த்து "தெரிந்துதானே" என்று கூறும் வழக்கத்தை இந்த விடுதிகளிலிருந்தே ஒழிப்போமாக.

அடுத்த கோளுக்கு நானும் புறப்படுவேன். ஆவலை அடக்கும்படி எவரையும் நான் கேட்கவில்லை. கம்பங்களை நட்டவாறு முன்செல்வோன் கடைசிக் கம்பம் எதுவென்பதை அறிந்திருத்தல் வேண்டும் என்பதே என் கோரிக்கை. அதனை அவனுக்கு மறைத்து விற்பவனை வணிகன் என்று கூற என் மனம் ஒப்பவில்லை.