கைதட்டல் வேறு, கல்லாப்பெட்டி வேறு

பேஸ்புக்கில் ஆயிரம் பேர் விருப்பம் தெரிவித்துவிட்டால் சரக்கு தானாக விற்றுவிடும் என்ற எண்ணம் இன்று வியாபாரிகள் பலரிடம் இருக்கிறது. பெயர் பரவுவது நல்லதுதான். ஆனால் பெயரை வியாபாரமாக மாற்றுவது தனி வேலை. ஜப்பானிய வாள்வீச்சு வீரர் யூகி ஓட்டாவின் கதை இதற்கு நல்ல உதாரணம்.

1985இல் பிறந்த ஓட்டா, 2008 பீஜிங் ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் வென்றார். வாள்வீச்சில் ஜப்பான் பெற்ற முதலாவது ஒலிம்பிக் பதக்கம் அது. பதக்கம் வென்றவர் பல்கலைக்கழகம் முடித்து வேலையில்லாமல் இருக்கிறார் என்ற செய்தியும் சேர்ந்தே பரவியது. அதே ஆண்டில் மொரினாகா என்ற இனிப்புப் பண்டக் கம்பனி அவரைச் சேர்த்துக்கொண்டது. 2012இல் லண்டனில் குழுப் போட்டியில் வெள்ளி. 2015இல் மொஸ்கோவில் உலகச் சம்பியன். 2020 ஒலிம்பிக் டோக்கியோவுக்கே என்று 2013இல் அறிவிக்கப்பட்டபோது, ஜப்பானியக் குழுவில் நின்ற அவர் கண்ணீர் விட்டு மகிழ்ந்த காட்சி இணையமெங்கும் சுற்றியது.

ஆள் பிரபலம். ஆனால் அவருடைய விளையாட்டைப் பார்க்க ஆளில்லை. தேசியப் போட்டிகளில் ஆசனங்கள் பெரும்பாலும் வெறுமையாகவே கிடந்தன.

2016இல் ஓய்வு பெற்ற ஓட்டா, மறு ஆண்டு தமது 31ஆவது வயதில் ஜப்பான் வாள்வீச்சுச் சம்மேளனத்தின் தலைவரானார். மக்களுக்கு ரசனையில்லை என்று அவர் குறை சொல்லவில்லை. குறை எங்கே என்று பார்த்தார். வாள் நுனி செல்லும் வேகம் கண்ணுக்குப் பிடிபடாது. இருவரும் ஒரே நேரத்தில் தொட்டால் புள்ளி யாருக்கு என்பது புதியவருக்கு விளங்காது. விளங்காத பொருளுக்கு யார் காசு கொடுப்பார்?

2018 தேசியப் போட்டியின் இறுதிச் சுற்றை விளையாட்டரங்கில் வைக்காமல், சில நூறு ஆசனங்களே கொண்ட டோக்கியோ குளோப் நாடக அரங்குக்குக் கொண்டுபோனார். ஒளியமைப்புச் செய்தார். வீரர்களின் இதயத் துடிப்பைத் திரையில் காட்டினார். டிக்கட்டுகள் விற்றுத் தீர்ந்தன. சம்மேளனத்தில் இல்லாத திறமைக்கு, வேறு கம்பனிகளில் வேலை செய்வோரைப் பகுதிநேரமாக அழைத்தார்.

2021இல் அவர் பதவியிலிருந்து விலகினார். அடுத்து வந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் வாள்வீச்சில் ஜப்பான் முதல் தங்கம் வென்றது. 2024 பரிஸில் இரண்டு தங்கம் உட்பட ஐந்து பதக்கங்கள். இவை வீரர்களினதும் பயிற்றுநர்களினதும் உழைப்பு. ஓட்டாவின் கணக்கில் மட்டும் எழுத முடியாது. அவர் செய்தது, அந்த உழைப்பைப் பார்க்கச் சனத்தைக் கூட்டியது.

நாமும் இதைத்தான் யோசிக்க வேண்டும். சரக்குத் தரமாக இருக்கலாம், பெயரும் பரவியிருக்கலாம். ஆனால் கடைக்குள் வருபவருக்கு எதை ஏன் வாங்க வேண்டும் என்று விளங்குகிறதா? பெரிய கடையைத் திறந்து வெறுமையாக வைத்திருப்பதைவிட, சிறிய கடையை நிறைத்துக் காட்டுவது இலாபம். விருப்பங்களை எண்ணும் நேரத்தில், வாங்காமல் திரும்பிப் போனவர் ஏன் போனார் என்று விசாரித்துப் பாருங்கள். வியாபாரம் அங்கேதான் நிற்கிறது.