பூவைப் பார்க்கவும் காசா?

ஆனி முடிந்து ஆடி பிறக்கும் நாட்களில் சமூக ஊடகங்களில் மஞ்சள் நிறம் பெருகிவிடும். கர்நாடகத்தின் குண்டலுபேட்டையில் சூரியகாந்தி பூத்துவிட்டது என்பதற்கு அதுவே அறிவிப்பு. கோவை, திருப்பூர், ஈரோட்டிலிருந்து நண்பர் குழுக்கள் வண்டி எடுத்துக்கொண்டு கிளம்புகின்றன. சுல்தான் பத்தேரி வழியாகக் கேரளத்தவரும் மைசூர் வழியாகப் பெங்களூர்க்காரர்களும் வருகிறார்கள். படங்களோடு சேர்ந்து ஒரு குறையும் ஆண்டுதோறும் பதிவாகிறது: வயலுக்குள் இறங்கிப் படமெடுக்க உழவர்கள் காசு கேட்கிறார்களாம். "பூவைப் பார்க்கவும் காசா?" என்ற ஒற்றை வரிக்கு விருப்பக்குறிகள் குவிகின்றன. இயற்கைக்கு விலை வைக்கலாமா, உழவர்களும் வியாபாரிகளாகிவிட்டார்களே என்று பின்னூட்டங்கள் நீள்கின்றன.

இந்தக் குறை நியாயமானதுதானா? விடை காண, அப்படியொரு நாள் எவ்வாறு கழிகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

குண்டலுபேட்டை பழைய மைசூர் மாவட்டத்து ஊர். 1997-இல் சாமராஜநகர் தனி மாவட்டமானபோது அதனுடன் சேர்ந்தது. ஊட்டியிலிருந்து வரும் தேசிய நெடுஞ்சாலை 181-உம், கோழிக்கோட்டிலிருந்து வயநாடு வழியாக மைசூருக்குச் செல்லும் நெடுஞ்சாலை 766-உம் இங்கே சந்திக்கின்றன. இரண்டு சாலைகளும் பந்திப்பூர் புலிகள் காப்பகத்தை ஊடறுத்து வருபவை. 2009 முதல் இரவு 9 மணி தொடங்கிக் காலை 6 மணி வரை இந்தக் காட்டுச் சாலைகளில் வாகனங்களுக்குத் தடை. ஆம்புலன்சுக்கும் குறிப்பிட்ட சில பேருந்துகளுக்கும் மட்டும் விலக்கு உண்டு. ஆகவே தமிழ்நாட்டிலிருந்து இந்த வழியாக வருவோரின் சுற்றுலா நாளுக்குக் காலை ஆறு, இரவு ஒன்பது என்று இரு கதவுகள்.

ஐந்து நண்பர்கள் கூடலூரில் இரவு தங்கி விடியற்காலையில் புறப்படுவதாகக் கொள்வோம். தெப்பக்காட்டில் யானை முகாமை எட்டிப் பார்த்து, கக்கனல்லா சோதனைச் சாவடியைக் கடந்து, பந்திப்பூரில் கட்டணம் செலுத்திக் காட்டுலா போகிறார்கள். புலி தென்படாவிட்டால் அந்தக் கட்டணம் திரும்பாது. யாரும் கேட்பதுமில்லை. ஹங்களா ஊரில் திரும்பி ஹிமவத் கோபாலசுவாமி மலையடிவாரத்துக்கு வருகிறார்கள். மலைமேல் தனியார் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. கீழே வண்டியை நிறுத்திவிட்டு, சீட்டு வாங்கி அரசுப் பேருந்தில் ஏறுகிறார்கள். சனி, ஞாயிறுகளில் வரிசை நீண்டிருக்கும்; அதிலும் முணுமுணுப்பு பெரிதாக எழுவதில்லை. ஏனெனில் சீட்டுக் கொடுக்குமிடம் என்று ஒன்று இருக்கிறது, அச்சிட்ட தொகை இருக்கிறது, சீருடை அணிந்த ஒருவர் இருக்கிறார். மாலையில்தான் வயலோரம் வண்டி நிற்கிறது. அங்கே சீட்டும் சீருடையும் கிடையாது. தலையில் துண்டு கட்டிய ஒருவர் வரப்பிலிருந்து எழுந்து வந்து, ஆளுக்கு இவ்வளவு என்கிறார். நாள் முழுதும் கேட்ட இடத்திலெல்லாம் காசு கொடுத்தவர்களுக்கு அந்த இடத்தில்தான் கோபம் வருகிறது.

சாலையில் நின்று பார்ப்பதற்கு எவரும் காசு கேட்பதில்லை. கேட்கப்படுவது வயலுக்குள் இறங்குவதற்கு. ஏன் இறங்க வேண்டியிருக்கிறது என்பதற்குச் சூரியகாந்தியின் இயல்பிலேயே ஒரு காரணம் உண்டு. இளம் மொட்டாக இருக்கும்வரைதான் அது கதிரவனைத் தொடர்ந்து கிழக்கிலிருந்து மேற்காகத் திரும்பும். மலர்ந்து முதிர்ந்த பூ கிழக்கு நோக்கியே நிலைத்துவிடும். காலை வெயிலில் விரைவாகச் சூடேறும் பூவைத் தேனீக்கள் அதிகம் நாடுகின்றன என்பதும் ஆய்வில் நிறுவப்பட்டிருக்கிறது. பந்திப்பூரிலிருந்து குண்டலுபேட்டைக்குச் சாலை ஏறத்தாழ வடக்கு நோக்கிச் செல்கிறது. எனவே இடப்பக்க வயல்களில் பூக்கள் சாலையைப் பார்த்து நிற்கும். வலப்பக்க வயல்களில் முதுகைக் காட்டி நிற்கும். பூமுகம் படத்தில் விழ வேண்டுமென்றால் வலப்பக்க வயலின் மறுகோடிக்குப் போக வேண்டும். இடப்பக்கத்திலும் சுற்றிலும் பூவே தெரிய வேண்டுமென்றால் வரிசைகளுக்கு நடுவே புக வேண்டும். பயிரிடப்படும் வீரிய ஒட்டு வகைகளில் ஒரு செடிக்கு ஒரு பூத்தான். தண்டு முறிந்தால் பக்கக்கிளை வெடித்து இன்னொரு பூ வராது. அந்தச் செடியின் விளைச்சல் அன்றோடு முடிந்தது. ஐந்து பேர் ஒரு முறை நடந்தால் சில செடிகள் சாயும். ஞாயிற்றுக்கிழமை முழுதும் நடந்தால் வயலுக்குள் ஒற்றையடிப் பாதை விழும்.

இதே நண்பர்கள் கோவாவுக்குப் போகும் நாளையும் நினைத்துப் பார்க்கலாம். பணஜியில் மாண்டவி ஆற்றில் மிதக்கும் கேசினோக் கப்பல்களில் நுழைவுக் கட்டணமே ஆளுக்கு ஆயிரக்கணக்கில். உள்ளே தோற்பது தனிக் கணக்கு. "பணத்தை இழப்பதற்கும் பணமா?" என்று எவரும் பதிவிட்டதாகத் தெரியவில்லை. கேசினோ நகரங்களுக்குப் போகிறவர், அங்குள்ள ஒவ்வொன்றும் தம் பணப்பையை நோக்கி அமைக்கப்பட்டது என்பதை அறிந்தே போகிறார், அறிந்திருப்பதால் வருந்துவதில்லை. மக்காவில் 2007-இல் திறக்கப்பட்ட வெனிஷியன் விடுதிக்குள் வெனிஸ் நகரின் கால்வாய்களும் படகுகளும் உண்டு. கூரையில் நீல வானம் தீட்டப்பட்டிருக்கிறது. லாஸ் வேகாஸில் பெல்லாஜியோ விடுதியின் முன்னே 1998 முதல் இசைக்கேற்ப ஆடும் நீரூற்றுகளை நடைபாதையில் நின்று எவரும் பார்க்கலாம். கட்டணம் இல்லை. அந்த இலவசக் காட்சிக்கான செலவைச் சூதாட்ட மேசைகளும் விடுதி அறைகளும் திரும்ப ஈட்டித் தருகின்றன. நீரூற்றைப் பார்க்க நிற்பவரில் பத்தில் ஒருவர் உள்ளே நுழைந்தாலும் விடுதிக்கு இலாபமே.

எந்தக் காட்சிக்கும் பின்னால் ஒரு செலவு இருக்கிறது. அதை யாரோ ஒருவர் கட்டுகிறார். வேகாஸின் நீரூற்றுக்கு உள்ளே தோற்பவர் கட்டுகிறார். குண்டலுபேட்டையின் மஞ்சள் வயலுக்கு யார் கட்டுகிறார்கள்? வரும் கூட்டத்தால் ஊருக்கு வருமானம்தானே என்பார்கள். வருமானம் உண்டு, அது உணவகத்துக்கும் தங்கும் விடுதிக்கும் வாடகை வண்டிக்கும் போகிறது. காட்சியை விளைவித்தவருக்கு மிஞ்சுவது சாய்ந்த செடிகளும் தண்ணீர்ப் புட்டிகளும். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பது போலப் பிறர் செலவில் நடக்கும் விருந்து இது. பரிமாறுபவர் மட்டும் தாராள மனத்தோடு இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கப்படுகிறது.

உண்மையில் இவ்வூரில் சூதாடுகிறவர் என்று ஒருவர் இருந்தால் அவர் உழவர்தான். அதுவும் தாம் விரும்பித் தேர்ந்த ஆட்டமன்று. கோடை மழையை நம்பி ஏப்ரல், மே மாதங்களில் விதைக்கிறார். மழை பிந்தினால் முளைப்பு கெடும். மணி பிடிக்கும் நேரத்தில் பெருமழை பெய்தால் பூத்தட்டு அழுகும். மீதி ஆட்டம் அவர் கண்ணுக்கு எட்டாத மேசையில் நடக்கிறது. இந்தியா தன் சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பகுதியை இறக்குமதி செய்கிறது. உக்ரைனில் 2022-இல் போர் மூண்டபோது விலை உயர்ந்ததற்கும் பின்னர் சரிந்ததற்கும் இவ்வூர் உழவரின் உழைப்போடு தொடர்பில்லை. கச்சாச் சூரியகாந்தி எண்ணெய் மீதான அடிப்படைச் சுங்கவரி 2024 செப்டம்பரில் 20 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. 2025 மே இறுதியில் 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. அந்த மே மாதத்தில், விதை மண்ணுக்குள் போன பிறகு ஆட்டத்தின் விதி மாறியது. 2025-26 பருவத்துக்குச் சூரியகாந்தி விதையின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,721 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. அறிவிக்கப்படும் விலையும் கைக்கு வரும் விலையும் ஒன்றல்ல. அன்றைய ஆதரவு விலையான 6,400 ரூபாய்க்கே கொள்முதல் செய்யுங்கள் என்று கேட்டு ஹரியானாவின் குருக்ஷேத்திரப் பகுதி உழவர்கள் 2023 ஜூனில் டெல்லி செல்லும் நெடுஞ்சாலையை மறிக்க நேர்ந்தது.

சூரியகாந்திக்குப் பக்கத்து வயலில் நிற்கும் செண்டுமல்லியின் கதையும் ஏறத்தாழ இதுவே. கன்னடத்தில் அது செண்டு ஹூ. தமிழின் 'பூ' அங்கே 'ஹூ' ஆவது, பகரம் ஹகரமாகத் திரிந்த கன்னட ஒலிமாற்றம். ஒரு பகுதி ஓணச் சந்தைக்காகக் கேரளத்துக்குப் போகிறது. பெரும்பகுதி ஒப்பந்த முறையில் ஆலைகளுக்குப் போய்ச் சாறாகிறது. கோழித்தீவனத்தில் சேர்ந்து முட்டைக் கருவுக்கு மஞ்சள் ஏற்றுவதும், கண்ணுக்கான மாத்திரைகளில் சேர்வதும் அந்தச் சாறுதான். படமெடுப்பவர் கண்ணில் அது பூந்தோட்டம். விளைவிப்பவருக்கு எடை போட்டு விற்கும் தொழிற்சாலை மூலப்பொருள்.

எதிர்வாதங்களும் இருக்கின்றன. காசு வாங்கத் தொடங்கினால் உழவு வேடிக்கைப் பொருளாகிவிடும், எண்ணெய்க்கு விதைத்தவர் நாளை படத்துக்கென்றே விதைப்பார் என்பது ஒன்று. பூ கண்ணுக்கு விருந்தாக நிற்பது ஏறத்தாழ இரண்டு வாரம். அதிலும் வார இறுதிகளில்தான் கூட்டம். ஆளுக்குச் சில பத்து ரூபாய் வீதம் வருவதை மட்டும் நம்பி ஒருவர் நிலத்தை உழுவார் என்று கருதுவது உழவின் செலவை அறியாதவர் பேச்சு. தப்பித் தவறி அப்படியொருவர் விதைத்தாலும், அது அந்த மண்ணிலிருந்து அவர் கண்டுபிடித்த இன்னொரு பிழைப்பு. இன்னொரு வாதம், வெளியூர்க்காரரிடம் கன்னடர்கள் கறக்கிறார்கள் என்பது. தென்காசிக்கு அருகில் சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூக்கும்போது கேரளத்திலிருந்து கூட்டம் வருகிறது. அங்கே வயல் தமிழருடையது, விருந்தினர் வெளியூரார். சாயும் செடி இரண்டு இடத்திலும் ஒன்றுதான். இதில் மொழியைக் கொண்டுவந்து நிறுத்துவது, காசு கொடுக்க மனமில்லாததற்குக் கௌரவமான பெயர் தேடும் வேலை.

ஏற்றுக்கொள்ள வேண்டிய குறை ஒன்றும் இருக்கிறது. எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள், வண்டியின் பதிவெண்ணுக்குப் பதிவெண் மாறினால் வருபவருக்கு ஏமாற்றப்பட்ட உணர்வு வரத்தான் செய்யும். அதற்குத் தீர்வு கட்டணத்தை எதிர்ப்பதில் இல்லை. அதை வெளிப்படையாக்குவதில் இருக்கிறது. கன்னடம், தமிழ், மலையாளம் என மூன்று மொழிகளில் ஒரு பலகை; அதில் ஒரே தொகை. விதைக்கும்போதே வயலின் ஓரத்தில் ஆள் நடக்க ஒரு வரிசை அகலத்துக்கு இடம் விட்டால் செடியும் தப்பும், படமும் கிடைக்கும். அருகருகே நிலம் வைத்திருப்பவர்கள் கூடிப் பேசி முடிவெடுக்கலாம். ஊராட்சி குப்பைத்தொட்டி வைக்கலாம். இவற்றில் எதற்கும் பெரிய திட்டமோ நிதி ஒதுக்கீடோ தேவையில்லை.

வருபவர் செய்ய வேண்டியது இன்னும் எளிது. இறங்குமுன் கேட்க வேண்டும். வயலில் வேலை செய்யும் பெண்களைப் படமெடுக்குமுன் அவர்களையும் கேட்க வேண்டும். கன்னடம் தெரியாதே என்று தயங்கத் தேவையில்லை. 'கேள்' என்ற வினைக்கு வினவுதல், செவிசாய்த்தல் என்ற இரு பொருளும் தமிழில் இருப்பதுபோலவே கன்னடத்தின் 'கேளு' என்ற சொல்லுக்கும் உண்டு. கேட்டுவிட்டு, அவர் சொல்லும் விலையையும் காதுகொடுத்துக் கேட்பது இரு மொழியிலும் ஒரே சொல்லில் அடங்கிவிடும் மரியாதை.

மாலை மங்கியதும் நண்பர்கள் அவசரமாக வண்டியேறுகிறார்கள். ஒன்பது மணிக்குள் மேலுகாமனஹள்ளிச் சாவடியைத் தாண்டிக் காட்டைக் கடக்க வேண்டும். தவறினால் அன்றிரவு குண்டலுபேட்டையில் அறை தேட நேரும். காட்டோர ஊர்களில் அந்த நேரத்தில்தான் உழவரின் அடுத்த வேலை தொடங்குகிறது. சாலையில் வண்டிகள் ஓய்ந்தபின் காட்டுப்பன்றியும் யானையும் வயலுக்கு வரும். அவற்றை விரட்ட டார்ச் விளக்கோடு பரணில் கண்விழிப்பவர், பகலில் வரப்பிலிருந்து எழுந்துவந்து காசு கேட்டாரே, அவராகவும் இருக்கலாம். ஒரு தேநீருக்கும் வடைக்கும் ஆகும் தொகையை அவர் கேட்டது அநியாயமா என்பதை, அடுத்த படத்தைப் பதிவேற்றுமுன் ஒவ்வொருவரும் தம்மிடமே கேட்டுக்கொள்ளலாம்.